குரோஷா ஊசியும் கட்டைவிரலும்

அறுவடை முடிந்து வைக்கோற் போர் எழும்பிய பிறகு, மாசி மாதத்தில், காவிரிக் கரைக் கிராமங்களுக்கு ஓர் அலாதியான அமைதி வந்துவிடுகிறது. மேட்டூரில் கதவை அடைத்தாகிவிட்டது. ஆற்றில் தண்ணீருக்குப் பதில் மணல்தான் ஓடுகிறது. ஆண்டு முழுவதும் குறுவை, சம்பா, தாளடி என்ற மூன்றே விஷயங்களைப் பேசிவந்த திண்ணைகளும் சற்று வாய் மூடியிருக்கின்றன. இப்படிப்பட்ட சமயத்தில், திருவையாற்றுக்கு அருகே ஒரு சிற்றூரில், நம்முடைய சித்தியின் வீட்டில் நாலு நாள் தங்கினோம். போன காரியம் வேறு. எழுத உட்கார்ந்திருக்கும் விஷயம் வேறு.

இரண்டாம் நாள் பிற்பகலில் சித்தி பரண்மேலிருந்து ஒரு பழைய பிஸ்கோத்துத் தகர டப்பாவை இறக்கினாள். உள்ளே நூல் உருண்டைகள், பாதி முடிந்த லேஸ், ஓரங்களில் மணி கோத்த பால்செம்பு மூடி ஒன்று, இவற்றினடியில் ஏழு குரோஷா ஊசிகள். குரோஷா என்றால் என்னவென்று நமது நேயர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ரேடியோப் பெட்டிக்குப் போர்வையும், பாவாடைக்கு ஓரமும், வாசல் நிலைக்குக் கம்பளித் தோரணமும் போடாத வீடு ஒரு காலத்தில் தஞ்சாவூர்ப் பக்கத்தில் அபூர்வம். நுனியில் கொக்கியுள்ள ஒரே ஒரு ஊசி, ஒரு நூல், இரண்டு கைகள், இவ்வளவுதான் முதலீடு.

ஏழில் மூத்தது சித்தியின் தாயார் கையாண்டது. குச்சிபோல் மெல்லிய எஃகு ஊசி, கறுத்துப் போயிருந்தது. அடுத்தது முலாம் பூசிய இன்னொரு எஃகு ஊசி. அலுமினியத்தில் இரண்டு, மூங்கிலில் ஒன்று, பிளாஸ்டிக்கில் ஒன்று. கடைசியாக, பட்டணத்திலிருந்து மருமகள் அனுப்பிய புதிய ஊசி. அதன் பிடி முழுவதும் மெத்தென்ற ரப்பர். அதைச் சித்தி ஒரு தரமும் உபயோகித்ததில்லை. "பல் தேய்க்கிற பிரஷ் மாதிரி இருக்கிறது" என்பது அவள் அபிப்பிராயம்.

இந்தச் சமயத்தில்தான் எதிர்வீட்டு அம்மாள் வந்து சேர்ந்தார். டப்பாவைக் கண்டதும் அவர் முகத்தில் ஒரு மாறுதல் உண்டாயிற்று.

"மாமி, உங்களிடம் ஏழு ஊசி இருக்கிறதே! இதில் எதில் போட்டால் சீக்கிரம் முடியும்?"

"சீக்கிரம் முடித்துவிட்டு நீ எங்கேயடி போகப் போகிறாய்?"

"எங்கேயும் போகவில்லை, மாமி. சீக்கிரம் முடிந்தால் இன்னொன்று போடலாம்."

நாம் சிரித்துவிட்டோம். அவர் சிரிக்கவில்லை. பிறகு விஷயம் தெரிய வந்தது. நகரத்திலுள்ள ஒரு வியாபாரி நூலைக் கொடுத்துக் குழந்தைச் சட்டை ஓரங்களைப் போட்டு வாங்கிக்கொள்கிறார். கூலி ஒன்றுக்கு இவ்வளவு என்று கணக்கு. வீட்டு வேலை ஒழிந்த நேரத்தில் போடுவதாகப் பெயர். உண்மையில் பொழுது சாய்ந்து விளக்கேற்றிய பின்பும் அவர் கை ஓய்வதில்லை. பொங்கலிலிருந்து இரவில் வலது கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போகின்றனவாம். கையை உதறினால்தான் உணர்ச்சி திரும்புகிறதாம். ஆகவே, எந்த ஊசி வேகமானது என்ற கேள்வி பொழுதுபோக்காகக் கேட்கப்பட்டதன்று. அந்த வீட்டின் பால் கணக்கும் பள்ளிக்கூடச் சம்பளமும் அதில் தொங்கிக்கொண்டிருந்தன.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் திண்ணையில் ஒரு பரீட்சையே நடந்தது. சித்தியும் அந்த அம்மாளும் பின்ன, நாம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆண்பிள்ளைக்கு இதைவிடக் கௌரவமான உத்தியோகம் கொடுக்கச் சித்தி மறுத்துவிட்டாள்.

ஊசிகளைப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் நுனியில் உள்ள கொக்கி வெட்டப்பட்ட விதத்தில் இரண்டு ஜாதிகள் உண்டு. ஒன்றில் கொக்கியின் தலை தண்டைவிடப் பருமனாயிராமல் அதே நேர்கோட்டில் நிற்கிறது. தண்டிலே ஆழமாக ஒரு வெட்டு விட்டது போன்ற அமைப்பு. மற்றதில் கழுத்து வரவரச் சிறுத்து, தலை சற்று உருண்டு நிற்கிறது. முதல் ஜாதி நூலை நழுவ விடாது. கண்ணிகளெல்லாம் ஒரே அளவாக வரும். புதிதாகக் கற்பவர்களுக்கு ஏற்றது. இரண்டாவது ஜாதி இறுக்கமான கண்ணிக்குள்ளும் வழுக்கிக்கொண்டு புகுந்து வெளிவரும். பழகிய கைக்கு அதில்தான் வேகம். ஆனால் நூல் இரண்டாகப் பிரியும் தன்மையுடையதாயிருந்தால் அது அடிக்கடி பாதி இழையை மட்டும் பிடித்துக்கொண்டு வந்து கழுத்தறுக்கும். சித்தி இறுக்கிப் போடுகிறவள். அவளுக்கு இரண்டாவது ஜாதி. எதிர்வீட்டு அம்மாள் தளர்த்திப் போடுகிறவர். அவர் முதல் ஜாதியில் முந்தினார். ஒரே ஊசியைக் காட்டி 'இதுவே வேகமானது' என்று எவரேனும் சொன்னால், யாருடைய கைக்கு என்று கேட்பதே நியாயம்.

உலோகத்தின் கதை வேறு. முதல் கால்மணியில் எஃகும் அலுமினியமும் மற்றவற்றைப் பின்னே தள்ளிவிட்டன. வழவழப்பே காரணம். மூங்கிலில் கம்பளி ஒட்டிக்கொண்டு மெதுவாகத்தான் நகர்ந்தது. வழுக்கும் பட்டு நூலாயிருந்தால் அதே குணம் நன்மையாயிருக்கும். பிளாஸ்டிக் வளைந்தது, போதாததற்குக் கம்பளியோடு சேர்ந்து கிறீச்சிட்டது. ஆயினும் கையில் வைத்திருக்க மூங்கிலைப் போல் இதமானது வேறில்லை. கொள்ளிடக் கரையில் மூங்கிலுக்குப் பஞ்சமில்லையே, வீட்டிலேயே சீவிக்கொள்ளலாமே என்று நமக்கு யோசனை போயிற்று. கம்பளிக்குரிய தடித்த ஊசியென்றால் சரிதான். மெல்லிய நூலுக்கு அது உதவாது. இருபதாம் நம்பர் நூலுக்குச் சுமார் ஒன்றேகால் மில்லிமீட்டர், நாற்பதாம் நம்பருக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் தண்டு வேண்டும். அந்தப் பருமனில் மூங்கிலைச் சீவினால் முதல் வரிசையிலேயே முறிந்துபோகும். அங்கே எஃகே ராஜா.

எஃகுக்கு நம் ஊரில் ஒரு விரோதி உண்டு. அது வியர்வை. டெல்டாவின் புழுக்கத்தில், கத்திரி வெயிலில், அரைமணி பின்னினால் ஊசி விரலிடுக்கில் வழுக்குகிறது. முலாம் தேய்ந்த இடத்தில் துருப் பிடித்து வெள்ளை நூலில் கறையாய் இறங்குகிறது. அலுமினியம் துருப்பிடிக்காது, ஆனால் மெருகு போனால் அதுவும் வெள்ளை நூலில் சாம்பல் நிறத் தடம் வைக்கும். சித்தியின் தாயார் எஃகு ஊசியைத் தேங்காயெண்ணெய் தொட்ட துணியில் சுற்றி வைத்து, எடுக்கும்போது வெண்ணீற்றால் துடைப்பாராம். அந்த ஊசி இன்றும் வேலை செய்கிறது என்பதைக் கண்ணால் கண்டோம்.

நம்பர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. நூலில் நம்பர் ஏற ஏற நூல் மெலிகிறது. எஃகு ஊசியிலும் பழைய முறைப்படி நம்பர் ஏறினால் ஊசி மெலிகிறது. அமெரிக்காவில் கம்பளி ஊசிக்கு எழுத்துக்கள் வைத்து அவை ஏற ஏற ஊசி தடிக்கிறது. பிரிட்டிஷார் வைத்த பழைய நம்பரோ தலைகீழ். இந்தக் குழப்பத்தில் மாட்டிக்கொள்ளாமல், தண்டில் பொறித்திருக்கும் மில்லிமீட்டரை மட்டும் பார்த்து வாங்குவது புத்திசாலித்தனம்.

ஊசிகூட அயல்நாட்டிலிருந்து வரவேண்டுமா என்று நம் பாட்டிமார் காலத்தில் கேட்டதுண்டு. இங்கிலாந்தில் ரெட்டிட்ச் என்ற ஊரும் அதன் சுற்றுப்புறமும்தான் அப்போது உலகத்துக்கெல்லாம் ஊசி அனுப்பிக்கொண்டிருந்தன. 1949-இல் நம் நீலகிரியில் கேத்திப் பள்ளத்தாக்கில் ஓர் ஊசித் தொழிற்சாலை ஏற்பட்டது. ஆரம்பத்தில் அது முழுவதும் ஓர் ஆங்கிலக் கம்பெனிக்குச் சொந்தம். பிற்பாடு பெரும்பங்கு இந்தியர் கைக்கு வந்தது. அந்தப் பங்கு விவகாரம் சுப்ரீம் கோர்ட்டு வரையில் போய் 1981-இல் தீர்ப்பாயிற்று. இன்று 'போனி' என்ற குதிரைக்குட்டிப் பெயரோடு இந்திய ஊசிகள் கடைகளில் கிடைக்கின்றன. சித்தியின் அலுமினிய ஊசிகள் இரண்டும் அந்த ஜாதியே.

பரீட்சையின் ருசிகரமான பாகம் முதல் மணி கழிந்த பிறகுதான் ஆரம்பமாயிற்று. கால்மணியில் முதலாவதாக வந்த மெல்லிய எஃகு ஊசி, ஒன்றரை மணி நேரத்தில் கடைசிக்கு இறங்கிவிட்டது! ஊசியில் ஒரு மாறுதலும் இல்லை, விரல்களில்தான் மாறுதல். குச்சி போன்ற தண்டை நழுவாமல் பிடிப்பதற்குக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஓயாமல் கிள்ளிக்கொண்டே இருக்கவேண்டும். மணிக்கட்டில் எலும்புகளுக்கும் ஒரு தடித்த நாருக்கும் நடுவே குறுகலான வழி ஒன்று இருக்கிறது. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு முக்கியமான நரம்பும் அந்தச் சந்து வழியாகத்தான் போகின்றன. இடைவிடாமல் கிள்ளிப் பிடித்து, மணிக்கட்டையும் மடித்தே வைத்திருந்தால், அங்கே வீக்கம் உண்டாகி நரம்பு நசுங்குகிறது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரக்கும், இரவில் அதிகம். சுண்டுவிரல் வேறு நரம்பைச் சேர்ந்ததாகையால் அது மட்டும் தப்பித்துக்கொள்ளும். எதிர்வீட்டு அம்மாளுக்கு நேர்ந்ததற்கு இதுவே காரணம் போலத் தோன்றவே, வைத்தியரைப் பார்க்கச் சொன்னோம். ஊசியை மாற்றுவது வைத்தியத்துக்கு மாற்றாகாது.

பிடி தடித்திருந்தால் கிள்ள வேண்டிய பலம் குறைகிறது. மருமகள் அனுப்பிய 'பிரஷ்' ஊசி ஆரம்பத்தில் பின்தங்கியே இருந்தது. ஆனால் இரண்டாம் மணியிலும் அதே நடையில் போய்க்கொண்டிருந்தது. சித்தி அதை வாயால் ஒப்புக்கொள்ளவில்லை. கையிலிருந்து கீழே வைக்கவும் இல்லை.

இந்தத் தடித்த பிடி ஏதோ இக்காலத்துப் புது நாகரிகம் என்று நினைத்தால் தவறு. குரோஷே என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கே சிறு கொக்கி என்றுதான் பொருள். நம் தேசத்து ஆரி ஊசியைப் போன்ற கொக்கியால், சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணிமேல் சங்கிலித் தையல் போடும் வித்தை, பதினெட்டாம் நூற்றாண்டில் கிழக்கிலிருந்து ஐரோப்பாவுக்குப் போயிற்று. பிறகு துணியை அகற்றிவிட்டு வெறும் காற்றிலேயே சங்கிலி போட்டதுதான் குரோஷாவின் பிறப்பு என்று பலர் கருதுகிறார்கள். 1845 முதல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பெரும் பஞ்சம் வந்தபோது, ஏழைப் பெண்கள் இந்த லேஸைப் போட்டு விற்று உயிர் காத்தார்கள். கடை ஊசிக்கு அவர்களிடம் காசு ஏது? கம்பித் துண்டின் நுனியை அராவிக் கொக்கியாக்கி, மரத்திலோ தக்கையிலோ செருகிக்கொண்டார்கள். வயிற்றுக்காகப் பின்னியவர்கள் தடித்த பிடியைத்தான் செய்துகொண்டார்கள் என்பதைக் கவனிக்கவேண்டும்.

வயல் வேலை செய்த பெண்களுக்கு இது சொல்லித் தெரியவேண்டியதில்லை. அறுவடை யந்திரம் வருவதற்கு முன், கதிரரிவாள் வாங்கும்போது அலகைப் பார்ப்பதற்கு முன்னால் பிடியைத்தான் கையில் பொத்திப் பார்ப்பார்கள். மெல்லிய பிடியானால் துணி சுற்றிக்கொள்வார்கள். திண்ணையில் லேஸ் போடுகிறவருக்கு மட்டும் அந்த நியாயம் ஏன் தோன்றவில்லை? அது வேலையே அல்ல, பொழுதுபோக்கு என்ற எண்ணம்தான் காரணம் என்று நமக்குப் படுகிறது.

இந்த எண்ணத்தின் விளைவைக் காவிரியிலிருந்து வடக்கே, இன்னொரு நெல் விளையும் கழிமுகத்தில் பார்க்கலாம். கோதாவரிக் கரையில் நரசாபுரம் என்ற ஊர் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பாதிரிமார் குடும்பத்தினர் கற்றுக்கொடுத்த குரோஷா லேஸ், அங்கே சுற்றுவட்டாரக் கிராமங்களிலெல்லாம் பரவி, கடல் கடந்து விற்பனையாகும் பெருந்தொழிலாக வளர்ந்தது. மரியா மீஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் அங்கே தங்கி ஆராய்ந்து 1982-இல் ஒரு நூல் வெளியிட்டார். சமையல், குழந்தை, மாடு எல்லாவற்றையும் கவனித்த பிறகும் அந்தப் பெண்கள் நாளுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் லேஸ் போட்டார்கள். ஆயினும் அவர்களைத் தொழிலாளிகள் என்று எவரும் எண்ணவில்லை. ஓய்வு நேரத்தில் ஏதோ கை வேலை செய்யும் குடும்பப் பெண்கள் என்றே எண்ணினார்கள். கூலி அற்பமாயிருந்ததற்கு அந்தப் பெயரே வசதியாகிவிட்டது. நரசாபுரம் லேஸுக்கு 2024-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்லது, பெயர் காப்பாற்றப்பட்டது. பெயரைப் போட்ட விரல்களுக்கும் ஏதேனும் கிடைத்தால் இன்னும் நல்லது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. காலுறை பின்னும் யந்திரத்தை இங்கிலாந்தில் 1589-இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் உண்மையான குரோஷாவைப் பின்னிக் குவிக்கும் யந்திரம் இன்னும் தொழிற்சாலைகளில் இடம் பிடிக்கவில்லை. கடையில் மலிவாகத் தொங்கும் குரோஷாச் சட்டை எதுவானாலும், எங்கேயோ ஒருவருடைய கட்டைவிரல் அதில் தேய்ந்திருக்கிறது.

அப்படியானால் ஊசியை எந்த அளவுகோலால் அளப்பது? இங்கே ஒரு பழைய சம்பவம் ஞாபகத்துக்கு வருகிறது. 1929-இல் அகில இந்திய சர்க்கா சங்கத்தார், காந்தியடிகளின் முயற்சியால், சிறந்த ராட்டைக்கு ஒரு லட்ச ரூபாய் பரிசு அறிவித்தார்கள். அந்நாளில் ஒரு லட்சம்! நிபந்தனைகளில் நூலின் அளவும் தரமும் இருந்தன. விலை நூற்றைம்பது ரூபாய்க்குமேல் போகக்கூடாது, இருபது வருஷம் உழைக்கவேண்டும் என்றும் இருந்தன. இவற்றோடு, ஒரு பெண் அதிகச் சிரமமின்றி எட்டு மணி நேரம் அதில் வேலை செய்யக்கூடியதாயிருக்க வேண்டும் என்றும் சேர்த்திருந்தார்கள். பரிசு ஒருவருக்கும் கொடுக்கப்படவில்லை. பிற்பாடு தமிழ்நாட்டவரான ஏகாம்பரநாதன் அமைத்த ராட்டைதான் அம்பர் சர்க்கா என்று பிரசித்தி பெற்றது. ஆனால் அது வேறு கதை. வேகத்தையும் சிரமத்தையும் ஒரே தராசில் வைத்து, ஒரு நிமிஷத்தைக் கொண்டு அளக்காமல் ஒரு முழுநாளைக் கொண்டு அளந்தார்களே, அந்த அளவுகோல் நமக்குப் பிடித்திருக்கிறது. திண்ணைப் பரீட்சையில் நாமும் அதையே வைத்துக்கொண்டோம்.

மீதியெல்லாம் கைச்சரக்கு. ரப்பர்ப் பிடியுள்ள மெல்லிய எஃகு ஊசி எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் சாதாரண ஊசியைப் போல் பல மடங்கு விலை. ஆகையால் இருக்கிற ஊசிக்கே பிடி கட்டிப் பார்த்தோம். முதலில் சைக்கிள் வால்வு டியூப். பிடிப்பு நன்றாயிருந்தது, பிற்பகல் வெயிலில் பிசுபிசுத்து, விரலில் கறுப்பு ஒட்டி, வெள்ளை லேஸில் ஏறிற்று. தள்ளினோம். அடுத்தது நமது சொந்த யோசனை. தஞ்சாவூரில் நெட்டியைக் கொண்டு கோயில்களும் பொம்மைகளும் செய்கிறார்களே, காற்றைப்போல் கனமற்ற அந்த நெட்டித் துண்டில் ஊசியைச் செருகினால் என்ன? அயர்லாந்தின் தக்கைக்குத் தஞ்சாவூரின் பதில் என்று மனத்துக்குள் மகிழ்ந்தோம். அந்த அம்மாள் பிடித்த பிடியில் சாயங்காலத்துக்குள் நெட்டி சப்பிப்போயிற்று. சித்தி ஒன்றும் சொல்லாமல் அதை அடுப்பங்கரைப் பக்கம் எடுத்துப் போனாள்.

வெற்றி பெற்றது பழம் வேஷ்டித் துணிதான். இரண்டு விரற்கடை அகலத்தில் கிழித்து, ஊசியின் பின்பாதியில் சுண்டுவிரல் பருமன் வரும் வரையில் இறுக்கிச் சுற்றி, மேலே பருத்தி நூலால் நெருக்கமாகக் கட்டிவிட்டோம். வியர்வையை உறிஞ்சுகிறது, அழுக்கானால் அவிழ்த்துத் துவைக்கலாம். ஒரு விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை வேண்டும். ஊசியின் நடுவே கட்டைவிரல் பதிவதற்காகத் தட்டையாக்கிய இடம் இருக்கிறதல்லவா? அதை மூடிவிட்டால் கொக்கி எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது விரலுக்குத் தெரியாமல், கண்ணால் பார்த்துத் திருப்ப வேண்டியிருக்கும். வேகம் அங்கேயே போய்விடும்.

பிடிக்கும் முறையிலும் ஒரு மாறுதல் செய்தோம். அந்த அம்மாள் பேனாவைப் பிடிப்பது போல் ஊசியைப் பிடிக்கிறவர். தோசைத் திருப்பியைப் பிடிப்பது போல் மேலிருந்து உள்ளங்கையால் பற்றும் முறையும் உண்டு. கம்பளி வேலைக்காரர்களில் பலர் அப்படித்தான் பிடிக்கிறார்கள். ஒரு நாள் முழுவதும் ஒரே பிடியில் இராமல் மாற்றி மாற்றிப் பிடித்தால், ஒரே விரலின்மேல் பாரம் விழாது. முதலில் அவருக்குக் கை வரவில்லை. கண்ணிகள் கோணல் மாணலாக விழுந்தன. சித்தியோ, வலது கையைவிட இடது கையைக் கவனி என்று ஆரம்பித்துவிட்டாள். நூல் சுண்டுவிரலில் ஒரு சுற்றுச் சுற்றி, ஆள்காட்டி விரல்மேல் ஒரே சீராக ஓடி வந்தால் ஊசி அதைத் தேடிப் போக வேண்டியதில்லை என்பது அவள் சித்தாந்தம். அவள் சொன்னது சரி என்பதைக் கடிகாரமும் சொல்லிற்று. ஊசியை மாற்றியதில் உண்டான வித்தியாசத்தைவிட நூல் பிடித்த விரலை மாற்றியதில் உண்டான வித்தியாசம் பெரிதாயிருந்தது.

பின்னுவதில் பெண்கள் கூட்டமாகச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையிலேயே அத்தாட்சி இருக்கிறது. சுபஶ்ரீ நடராஜன் என்பவர் தொடங்கிய 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' குழுவினர், ஆளுக்குச் சில துண்டுகளாகப் பின்னி இணைத்து, 2016 ஜனவரியில் பதினோராயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட கம்பளிப் போர்வையை விரித்துக் கின்னஸ் புத்தகத்தில் இடம் பெற்றார்கள். அதைக் கேட்டு எதிர்வீட்டு அம்மாள் ஆச்சரியப்பட்டார். உடனே அவர் கேட்ட கேள்வி, அவர்கள் என்ன ஊசி வைத்திருந்தார்கள் என்பதுதான்!

நாம் புறப்பட்ட அன்று காலை அவர் நகரத்து வைத்தியரைப் பார்க்கப் போயிருந்தார். இரவில் மணிக்கட்டு மடியாதபடி பட்டை கட்டிக்கொண்டு படுக்கவும், அரைமணிக்கு ஒரு தரம் கையை நீட்டி ஓய்வு கொடுக்கவும் வைத்தியர் சொன்னதாகப் பிறகு சித்தி டெலிபோனில் தெரிவித்தாள். கூலியை உயர்த்தும்படி வியாபாரியிடம் கேட்டாராம். யோசிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். சித்தியின் தகர டப்பாவில் இப்போது ஆறு ஊசிகளே இருக்கின்றன. வேஷ்டித் துணி சுற்றிய எஃகு ஊசி எதிர்வீட்டில் இருக்கிறது. மருமகள் அனுப்பியதைத்தான் கொடுத்துவிட்டாளோ என்று விசாரித்தோம். "அது எனக்கு வேண்டியிருக்கிறது" என்றாள்.